தலைப்பில் துயரம் போதவில்லை

கடல் சூடாகிறது என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? உங்களையும் என்னையும் கேட்டால் எதையாவது உளறிவைப்போம். பருவநிலை மற்றும் கடல்வள மையத்தைக் கேளுங்கள். புகைப்படப் போட்டி வைக்க வேண்டும் என்று சொல்லும். சொன்னதோடு நிற்காமல் வைத்தும் தொலைத்தது.

மையம் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது, ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. கடல் பக்கம் ஜன்னல் வைத்தால் உப்புக் காற்றில் கோப்புகள் நமத்துப்போகும் என்று கட்டும்போதே முடிவு செய்துவிட்டார்கள். உள்ளே குளிர்சாதனம் போடுகிற போட்டில் ஊழியர்கள் கொளுத்தும் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள். இயக்குநர் கழுத்தில் கூடுதலாக ஒரு மஃப்ளர் இருக்கும். அதை வைத்துத்தான் அவர் இயக்குநர் என்று புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

‘மாறும் பருவம், மறையும் மீன்’ என்பது போட்டியின் பெயர். விதிமுறைகளை ஒரு சிறு புத்தகமாகவே போட்டிருந்தார்கள். படத்தில் கடல் இருக்கலாம், அலை கூடாது. அலை கவனத்தைச் சிதறடிக்கும். மீன் இருக்கலாம், ஆனால் அது மகிழ்ச்சியாக இருப்பதுபோல் தெரியக் கூடாது. மீனவர் இருந்தால் அவர் காமிராவைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் எங்கேயாவது வெறிக்க வேண்டும். படத்துக்குத் தலைப்பு கட்டாயம். தலைப்பைப் படித்ததும் நடுவருக்கு நெஞ்சு கனக்க வேண்டும்.

சிவனே என்று படகு பழுது பார்த்துக்கொண்டிருந்த நங்கூரம் இந்த வம்பில் எப்படி மாட்டினார் என்பதுதான் விஷயம். நங்கூரம் என்பது பட்டப்பெயர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் ஊர் வைத்தது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று வாயில் வராது. அவருக்கு இருந்தது ஒரு மரப்படகு, ஓர் எஞ்சின், கொஞ்சம் வலை. அவர் பிடித்து வருவதை மனைவி சந்தையில் விற்பாள். அவள் வாய்க்கு முன்னால் பேரம் பேசி ஜெயித்தவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

நங்கூரத்துக்கு வருஷத்தில் ஒரே நம்பிக்கை மத்தி மீன்தான். ஒரு காலத்தில் மத்தி வந்தால் மாதக்கணக்கில் கரையை ஒட்டியே கிடக்கும். பூனைகூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்குக் கிடைக்கும். தண்ணீர் சூடாக ஆக, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அதன் வரவும் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டு ஓடும் விருந்தாளி மாதிரிதான் வருகிறது. போன வருஷம் அது வந்த நேரத்தில் எஞ்சின் பட்டறையில் கிடந்தது. வருஷம் முழுக்கக் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியது.

“இந்தத் தடவையும் விட்டுட்டீங்கன்னா படகை வித்துட்டு ஐஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிடணும். நான் சொல்லிட்டேன்” என்றாள் மனைவி. அவள் சொன்னால் சொன்னதுதான். ஐஸ் ஃபேக்டரியை நினைத்தாலே நங்கூரத்துக்கு முட்டி வலித்தது.

ஆகவே படகை மணலில் கவிழ்த்து, ஒரு பக்கம் கட்டை கொடுத்துத் தூக்கி, பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால் மட்டும்தான்.

“மாமா, அசையாதீங்க” என்று குரல் கேட்டது.

“என்னடா, பாம்பா?”

“போட்டோ.”

வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. ஸ்டுடியோ வைத்திருக்கிறான். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அவனிடம் மிஞ்சியது பாஸ்போர்ட் படம் மட்டும்தான். வருகிறவர்களிடமெல்லாம் “காது தெரியட்டும், காது தெரியட்டும்” என்று சொல்லிச் சொல்லி அவனுக்குக் காது என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“மூஞ்சி உள்ள இருக்கு, அப்புறம் என்னத்தை எடுக்கிற?”

“மூஞ்சி வேணாம் மாமா. மீனவர் காமிராவைப் பாக்கக் கூடாதுன்னு விதி. உங்க காலு எங்கயும் பாக்கல. அதுவே போதும்.”

படத்தை எடுத்துக்கொண்டு காது மையத்துக்குப் போனான். ‘மாமா படகு வேலை பார்க்கிறார்’ என்று தலைப்பு வைத்திருந்தான். வாங்கும் இடத்தில் இருந்த அம்மாள் படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“தலைப்புல துயரம் போதலையே.”

“எவ்வளவு வேணுங்க?”

“படிச்சா கண்ணு கலங்கணும். நேத்து ஒருத்தர் ‘அம்மா, கடல் எங்கே?’ன்னு ஒண்ணு கொண்டாந்தார். நானே அழுதுட்டேன்.”

“அது என்ன படம்?”

“அவங்க வீட்டுக் குழாய். தண்ணி சொட்டுது. அதை விடுங்க. உங்க படத்துல படகு இருக்கு, மணல் இருக்கு, ஆள் இல்ல…”

“ஆள் இருக்காருங்க. இதோ காலு.”

“காலையெல்லாம் ஆளுன்னு எடுத்துக்க முடியாது. ‘கைவிடப்பட்ட படகு’ன்னு போடுங்க. கனமா இருக்கும்.”

காது யோசித்தான். கைவிடப்பட்டதா, படத்தில் கால் அல்லவா விடப்பட்டிருக்கிறது என்று ஒரு சந்தேகம் அவனுக்கு வரத்தான் செய்தது. பின்னால் வரிசையில் நின்றவர் தோளில் தட்டி நகரச் சொன்னார். சரி, பேரில் என்ன இருக்கிறது என்று அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பரிசு அந்தப் படத்துக்கே கிடைத்தது. நடுவர் குழு சொன்ன காரணத்தைப் பத்திரிகையிலும் போட்டார்கள். ‘படகின் கீழிருந்து நீளும் இரு கால்கள், மனித இனம் தன் தலையை எங்கே வைத்திருக்கிறது என்ற கேள்வியை எழுப்புகின்றன.’ நங்கூரம் தலையைப் படகுக்கு அடியில் வைத்திருந்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பரிசளிப்பு விழா மையத்தின் அரங்கில் நடந்தது. மேடையில் தெர்மாகோலில் ஒரு கடல். பரிசாக ஒரு பிளாஸ்டிக் மீன், வாயைத் திறந்தபடி. ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்று அச்சடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் எல்லோருக்கும் தண்ணீர். மச்சானுக்குப் பரிசு என்றதும் நங்கூரம் சலவைச் சட்டையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். குளிரில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஐஸ் ஃபேக்டரி இதைவிடத் தேவலையாட்டம் இருக்கே” என்றாள்.

இயக்குநர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

“சிலர் கேட்கிறார்கள், மையம் தொடங்கிய பிறகும் கடல் சூடாகிக்கொண்டுதானே இருக்கிறது என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். மையம் இல்லாவிட்டால் அது சூடாவது யாருக்குத் தெரிந்திருக்கும்? கருத்தரங்கு நடத்தினோம். கையேடு அச்சிட்டோம். கடலுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? இனி ஒத்துழைக்க வேண்டியது மீன்கள்தான். நான் இதுவரை கடலுக்குள் போனதில்லை. போனால் ஒருதலைப்பட்சம் வந்துவிடும் என்பதால் என்னை நானே கட்டுப்படுத்திக்கொண்டு இருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிட்டு முடித்துத்தான் பார்த்தேன், இருந்தாலும் இறங்கவில்லை. என் மனம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இந்தப் படகைக் கைவிட்டுப் போன அந்த முகம் தெரியாத மீனவர் எங்கே? இன்று அவர் எங்கே?”

மனைவி நங்கூரத்தின் விலாவில் இடித்தாள். “உங்களைத்தான் தேடறாங்க. கையைத் தூக்குங்க.”

நங்கூரம் கையைத் தூக்கினார். ஓர் ஊழியர் குனிந்தபடி ஓடிவந்து, “கேள்வி நேரம் கிடையாதுங்க, கையை இறக்குங்க” என்றார். நங்கூரம் இறக்கிவிட்டார்.

“பதில் வராது” என்று இயக்குநர் தழுதழுத்தார். “ஆனால் அந்தப் படகு இனி அநாதை அல்ல. இந்தக் கணம் முதல் மையம் அதைத் தத்தெடுக்கிறது.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. என்னவென்று புரியாமல் நங்கூரமும் தட்டினார். அதை நினைத்து அவர் பிற்பாடு நாள்கணக்கில் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பஞ்சுக்குமேல் பூசும் பிசின் கிண்ணத்தோடு கடற்கரைக்குப் போனால், படகைச் சுற்றி இரும்பு வேலி. படகுக்கு அடியில் சிமெண்டு மேடை. படகைத் தூக்கி மேடை கட்டி, படத்தில் இருந்த அதே சாய்வில் திரும்பக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு பெயர்ப் பலகையும் முளைத்திருந்தது. ‘பருவநிலை நினைவுச்சின்னம்: கைவிடப்பட்ட படகு. தொடாதீர்.’

“ஏங்க, இது என் படகு.”

பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். “யாரோ கைவிட்ட படகுன்னுல்ல சொன்னாங்க?”

“நான் எங்கங்க கைவிட்டேன்? சாப்பிடப் போயிருந்தேன்.”

“எனக்கு ஆணி அடிக்கிற வேலைங்க. ஆபீஸ்ல போய்க் கேளுங்க.”

மையத்தில் இதற்கெல்லாம் பொறுப்பு கண்காணிப்பாளர். விதிப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அது கையில் இல்லாதபோது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது என்பதால் கழிப்பறைக்கும் எடுத்துக்கொண்டுதான் போவார். அவர் நாற்காலிக்குப் பின்னால் பரிசு பெற்ற படம் பெரிதாக மாட்டியிருந்தது. நங்கூரம் நேராக அதைக் காட்டினார்.

“ஐயா, இது என் காலு.”

“எந்தக் கால்?”

“ரெண்டும்.”

“நடுவர் குழு அதை உருவகம்னு பதிவு பண்ணிருக்கு.”

“உருவகம்னா என்னங்க?”

“இருக்கும், ஆனா இருக்காது.”

“எனக்கு முட்டி வலிக்குதுங்க ஐயா. அது இருக்குது.”

கண்காணிப்பாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கூட வந்திருந்த காது பணிவாக முன்னால் வந்தான். தலைப்பு தப்பாகிவிட்டது, பரிசே வேண்டாம், இதோ மீன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிளாஸ்டிக் மீனை மேஜைமேல் வைத்தான். கண்காணிப்பாளர் பதறிப்போய் அதைக் காகிதத்தால் தள்ளினார்.

“எடுங்க, எடுங்க. நீங்க இங்க விட்டுட்டுப் போனா அது கைவிடப்பட்ட மீன். அப்புறம் அதையும் நாங்க தத்தெடுக்கணும். மேடை கட்டணும்.”

“படகு எனக்கு வேணுங்க ஐயா. மத்தி வர்ற நேரம்.”

“நீங்கதான் உரிமையாளர்னா படகைக் கைவிட்ட குத்தம் உங்க மேல வரும். கைவிடலன்னா படத்துல உள்ளது நீங்கன்னு நிரூபிக்கணும். அதுக்கு ஒரு குழு போடணும்.”

போட்டார்கள். கால் ஒப்பீட்டுக் குழு என்று அதற்குப் பெயர். கண்காணிப்பாளர் தலைவர், போட்டியின் நடுவர் ஒருவர், மூன்றாவதாக ஒரு விலங்கியல் பேராசிரியர். பேராசிரியர் ஆயுள் முழுக்க நண்டை ஆராய்ந்தவர். பத்துக் காலுக்குக் குறைவாக எதையும் தான் பார்த்ததில்லை என்றும், இருந்தாலும் முயன்று பார்ப்பதாகவும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நினைவுச்சின்னத்துக்கு அடியில் ஆளைப் படுக்கவைக்க விதி இடம் கொடுக்கவில்லை. ஆகவே கூட்ட அறையின் பெரிய மேஜைக்கு அடியில் நங்கூரத்தைப் படுக்கவைத்து, கால்களை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார்கள். குளிர் தரையில் மல்லாந்து கிடந்தார் மனிதர். மேலே மூவரும் படத்தை ஒரு கையிலும் பூதக்கண்ணாடியை மறுகையிலும் வைத்துக்கொண்டு விவாதித்தார்கள்.

“படத்தில் இருக்கிற கால்களில் ஒரு துக்கம் இருக்கிறது. இதில் அது இல்லை” என்றார் நடுவர்.

“கொஞ்சம் துக்கமா வைங்க” என்று கண்காணிப்பாளர் மேஜைக்கு அடியில் குனிந்து சொன்னார்.

“எப்படிங்க வைக்கிறது?”

“படகை நினைச்சுக்கங்க.”

நங்கூரம் நினைத்துக்கொண்டார். துக்கம் வந்துவிட்டது, காலில் அல்ல, தொண்டையில். அந்த நேரம் பார்த்துத் தேநீர் கொண்டுவந்த ஊழியர், மேஜையைச் சுற்றிக் கவலையோடு நிற்கும் மூன்று பெரியவர்களையும் அடியில் நீட்டிக் கிடக்கும் காலையும் பார்த்தார். தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, “யாருங்க போய்ட்டாங்க?” என்று கேட்டார்.

கடைசியில் இடது கால் கட்டைவிரலின் கறுத்த நகம் படத்தில் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது. பேராசிரியரே மகிழ்ந்துபோனார். நங்கூரத்தை வெளியே இழுத்து எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

“கால் உங்களுதுதான். குழு ஒருமனதா ஏத்துக்கிச்சு” என்றார் கண்காணிப்பாளர்.

“அப்ப படகை எடுத்துக்கலாங்களா?”

“அவசரப்படாதீங்க.” அவர் புத்தகத்தைப் பிரித்தார். “போட்டிக்கு வந்த படமும் படத்துல உள்ள அனைத்தும் மையத்துக்கே உரியவைன்னு விதி. இது வரைக்கும் படகு மட்டும்தான் எங்களுதுன்னு நினைச்சிட்டு இருந்தோம். இப்ப உங்க காலும் எங்களுதுன்னு உறுதியாயிடுச்சு.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நங்கூரம் ஆழமே இல்லாத மேஜைக்கு அடியில் விட்டு மாட்டிக்கொண்டார். மையத்தின் உடைமையை வெளியே நடமாட விட முடியாது என்று கண்காணிப்பாளர் கவலைப்பட்டார். மையத்துக்குள்ளேயே வைத்தால் குளிரில் அது அடிக்கடி தும்மும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நினைவுச்சின்னத்துக்கு ஒரு காவலாளி தேவைப்பட்டார். நங்கூரத்தையே போட்டுவிட்டால் படகும் காலும் ஒரே இடத்தில் இருக்கும். தொப்பி ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்தார்கள்.

“யாரும் தொடாம பாத்துக்கணும்” என்று கண்காணிப்பாளர் வேலையை விளக்கினார். “பெயிண்ட் அடிக்கக் கூடாது. பாழடைஞ்ச நிலைமை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. படத்துல இருக்கிறபடியே பாழடைஞ்சிருக்கணும். என்ன நடந்தாலும் உடனே எனக்கு போன் பண்ணணும். ரொம்ப முக்கியம், உரிமையாளர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் அடிக்கடி வந்து தகராறு பண்றார். அவரை மட்டும் கிட்டவே விடாதீங்க.”

“அது நான்தானுங்களே ஐயா.”

“அது எனக்குத் தெரியும். காவலாளிக்குச் சொல்ல வேண்டியதைக் காவலாளிக்குச் சொல்றேன்.”

வீட்டுக்கு வந்த நங்கூரம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கூடப்பிறந்தவன் செய்த வேலை என்பதால் மனைவி அன்று அதிகம் பேசவில்லை. காதை மட்டும் வீட்டுக்கு வரவழைத்து அவனுடைய பெயருக்குக் காரணமான உறுப்பைப் பிடித்துத் திருகினாள்.

“அக்கா, வலிக்குது.”

“வலிக்கட்டும். உனக்குத் துயரம் போதல.”

பிறகு புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கவலைப்படாதீங்க. படகு கண்ணு முன்னாடிதானே இருக்கு. பஞ்சு அடைச்சு முடிச்சிட்டீங்களா?”

“பாதி.”

“மீதியை முடிங்க. அடிப்பக்கம் படத்துல தெரியாதில்ல?”

உண்மைதான். கண்காணிப்பாளர் வாரம் தவறாமல் படத்தோடு வந்து, சுரண்டின பெயிண்ட் சுரண்டினபடியே இருக்கிறதா, கட்டை அதே கோணலில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். படத்தில் இல்லாத பக்கத்துக்கு அவர் போவதில்லை. நங்கூரம் தொப்பியோடு படகுக்கு அடியில் புகுந்து, பாழடைந்த நிலையைப் பராமரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இடுக்குகளை எல்லாம் அடைத்து முடித்தார். பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் நீட்டிக்கொண்டிருந்த காலைப் படம் எடுத்தார்கள். சிற்பம் தத்ரூபமாக இருக்கிறது என்று ஒரு பெண்மணி தொட்டே பார்த்துவிட்டாள். கூச்சத்தில் சிற்பம் உதைத்தது. உடனே காவலாளி வெளியே வந்து விசில் ஊதினார்.

ஒருநாள் காலையில் மத்தி வந்தது.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. கரையை ஒட்டித் தண்ணீர் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மேலே பறவைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வட்டமடித்தன. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. நங்கூரம் வேலிக்குள் நின்று தொப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தார். இன்று விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வருமோ, அதுவும் தெரியாது.

மனைவி மூச்சிரைக்க வந்தாள். பின்னால் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு காது. அவனுக்குப் பின்னால் வலையோடு பக்கத்துப் படகுக்காரர்கள் சிலர்.

“ஏன் இன்னும் நின்னுட்டு இருக்கீங்க?”

“நான் காவலாளி ஆச்சே. உரிமையாளரை விடக் கூடாதுன்னு உத்தரவு.”

“விடாதீங்க. உங்களால முடிஞ்ச வரைக்கும் தடுங்க. நாங்க சாட்சி.”

மெதுவாக நங்கூரத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வேலியைத் திறந்து வெளியே போய்த் தொப்பியைக் கழற்றினார். “என் படகு எனக்கு வேணும்” என்றார். உள்ளே வந்து தொப்பியை மாட்டினார். “யாருய்யா நீ? கிட்ட வராத. இது நினைவுச்சின்னம்.” வெளியே போய்க் கழற்றினார். “எங்கப்பன் செஞ்சு கொடுத்த படகுய்யா.” உள்ளே வந்து மாட்டினார். “அதெல்லாம் ஆபீஸ்ல போய்ச் சொல்லு.” வெளியே போனார். “சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஜலதோஷம். ஒருத்தனுக்கும் காது கேக்கல.” உள்ளே வந்தார். விசில் ஊதினார். வெளியே போனார். இனிக் கெட்ட வார்த்தை என்று படகுக்காரர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். அப்படியே அதுவும் நடந்தது. வாக்குவாதத்தில் உரிமையாளர் ஜெயித்தார்.

தோள் கொடுத்துப் படகை நிமிர்த்தி, மேடையிலிருந்து இறக்கி, மணலில் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார்கள். பஞ்சு பிடித்திருந்தது, ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. நங்கூரமும் காதும் ஏறிக்கொண்டார்கள். மனைவி கரையில் கூடைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

வலையை விட்டதும் நங்கூரம் கடமை தவறாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்காணிப்பாளருக்குப் போன் செய்தார்.

“ஐயா, நினைவுச்சின்னக் காவலாளி பேசறேன். படகை உரிமையாளர் எடுத்துட்டுப் போய்ட்டாருங்க.”

“என்னது? நீ தடுக்கலையா?”

“தடுத்தேங்க. விசில்கூட ஊதினேன். ரொம்பப் பிடிவாதக்காரருங்க. வாய் வேற சரியில்ல.”

“இப்ப அவன் எங்க?”

“கடல்லங்க.”

“நீ எங்க?”

“அவர்கூடவேதாங்க இருக்கேன். ஒரு அடி விட்டு நகரல.”

மறுமுனையில் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. காவலாளி உரிமையாளரோடு கடலுக்குப் போனால் என்ன செய்வது என்று அதில் எங்கேயும் இல்லை போலிருக்கிறது. தாள்கள் வேகமாகப் புரண்டன, பிறகு மெதுவாகப் புரண்டன, பிறகு நின்றுவிட்டன. புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கண்காணிப்பாளர் முதல்முறையாகக் கேட்டார்.

“பறவைச் சத்தம் கேக்குதே. என்ன, மத்தி வந்திருக்கா?”

“வந்திருக்குங்க ஐயா.”

“நல்ல மீனா?”

“நெய் ஊறின மீனுங்க. கண்ணாடி மாதிரி பளபளங்குது.”

கண்காணிப்பாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. திரும்பி வந்தபோது குரல் பாதியாக இறங்கியிருந்தது. “போன வருஷமே வாய்க்குக் கிடைக்கல. வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஒரு ரெண்டு கிலோ எடுத்து வை. ஆபீசுக்கு எடுத்துட்டு வந்துடாத, வீட்டுக்கு.”

நங்கூரம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“கைவிடப்பட்ட படகுல ஏதுங்க ஐயா மீனு?”

மறுமுனையில் மறுபடியும் தாள் புரளும் சத்தம், இந்தமுறை கடைசிப் பக்கத்திலிருந்து.

“இரு, இரு, வச்சிடாத. பின் இணைப்புல ஒரு உட்பிரிவு இருந்துச்சு. சாப்பிடப் போனதைக் கைவிட்டதா எடுத்துக்க முடியாதுன்னு… இதோ, இங்கதான் எங்கயோ… கால்கூட தற்காலிகமாத்தான் எங்களுதுன்னு ஒரு வரி… லைன்லயே இரு.”

நங்கூரம் லைனில் இருக்கவில்லை. வலை படகையே ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. போனைக் காதின் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்தார். வலையை இழுக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.